வெயிலில் மழை பார்த்தவன்

செஞ்சி தபாலாபீசில் சென்னைக்கு டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருப்பவனுக்கு மனித குலத்தின் மேல் மரியாதை மிஞ்சாது. குந்துநாதனுக்கு அது முன்பே கிடையாது என்பதால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து, மணியார்டருக்கு வந்தவர்களையும் ஸ்டாம்பை நக்கி ஒட்டுகிறவர்களையும் ஒரே அளவு வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக லைன் கிடைத்தது. எழுந்துபோய் ரிசீவரைக் காதில் வைத்து, மலைக்கோட்டையில் மேயும் ஆடுகளுக்கும் கேட்கும்படி கத்தினார்.

"ராமகிருஷ்ணன் சாரா? குந்துநாதன் பேசறேன். கன்னியப்பன் சாகலை, உயிரோட இருக்கான்னு தகவல். எங்கேயா? சீயமங்கலம்! சீ-ய-மங்-கலம்! ஆமாம், குகைக்கோயில் இருக்கிற ஊர்தான். செஞ்சியில நான் நிக்கவே போறதில்லை, நேரா அங்கேதான் போறேன். சாயந்திரத்துக்குள்ள ஆளைப் பிடிச்சிடுவேன். நீங்க கவலைப்படாதீங்க!"

ரிசீவரை வைத்தார். தபாலாபீஸ் முழுக்க அவரைப் பார்த்தது. அவர் யாரையும் பார்க்காமல் வெளியே வந்தார்.

வாசல் வேப்பமரத்தடியில் ரஞ்சிதம் வெள்ளரிப் பிஞ்சு கடித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது, ராயபுரத்துக்காரி. துறைமுகத்துக்கு எதிரே இருந்த ஒரு கப்பல் ஏஜென்சியில் பல வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். முதலாளி பேசியதை ஒட்டுக்கேட்டாள் என்று வேலையை விட்டு அனுப்பினார்கள். ஒட்டுக்கேட்பவளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று குந்துநாதன் மறுநாளே சேர்த்துக்கொண்டார்.

"சார், ஒரு சந்தேகம். நாம நிக்கிற ஊர் செஞ்சிதானே?"

"ஆமாம்."

"சீயமங்கலத்துல நமக்கு இன்னா வேலை?"

"ஒரு வேலையும் இல்லை."

"அப்ப உள்ள கத்தினது?"

"பொய்."

"நம்மள வேலைக்கு வெச்சவர்கிட்டயேவா?"

"அவர்கிட்ட சொல்லாத பொய்யை வேற யார்கிட்ட சொல்றது? நட."

ரஞ்சிதம் வெள்ளரித் தோலைத் துப்பிவிட்டு நடந்தாள். "அந்த மனுஷன் தங்கம் சார். கூலிக்காரன் பொண்டாட்டி வந்து அழுதாளேன்னு, கம்பெனி செலவுல துப்பறியறவரை வெச்சாரே. எந்த மேனேஜர் செய்வாரு?"

"அதைத்தான் நானும் கேட்கறேன். எந்த மேனேஜர் செய்வான்?"

விஷயம் இதுதான். நீலமணி அண்ட் கோ என்று சென்னையில் ஒரு கம்பெனி, அதற்கு மேனேஜர் ராமகிருஷ்ணன். கப்பலில் சரக்கு ஏற்றவும் இறக்கவும் ஆள் விடுவது தொழில். அதாவது மற்றவன் முதுகை வாடகைக்கு விட்டுத் தன் வயிற்றை வளர்ப்பது. அங்கே சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டியவன் இராமச்சந்திரன். அவனுக்குக் கை காட்டியவன் கன்னியப்பன்.

விஞ்சு ஓட்டுகிறவனுக்குக் கப்பலின் வயிறு தெரியாது. தளத்தில் திறந்துகிடக்கும் பெரிய பள்ளத்தை ஹேச் என்பார்கள். அதன் விளிம்பில் நிற்கும் சிக்னல்காரனுடைய கைதான் அவனுக்குக் கண். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. ஆள்காட்டி விரல் மேலே சுழன்றால் தூக்கு, கீழே சுழன்றால் இறக்கு, முஷ்டியை மடக்கித் தோளுக்கு உயர்த்தினால் அப்படியே பிடித்து வை. இரண்டு பேருக்கும் நடுவே பேச்சே கிடையாது.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒருநாள் கன்னியப்பனைக் காணவில்லை. தொங்கிய பாரத்தை வேண்டுமென்றே வீசி அவனைக் கடலில் தள்ளிக் கொன்றுவிட்டான் என்று இராமச்சந்திரன் மேல் கேஸ். இரண்டு பேருக்கும் முன்விரோதம் என்று கம்பெனி ஆட்கள் வரிசையாக வந்து சாட்சி சொன்னார்கள். நாளைக் காலை தீர்ப்பு. தூக்காகவும் இருக்கலாம். இராமச்சந்திரன் ஆரம்பத்திலிருந்து சொல்வது ஒன்றுதான்: "கன்னியப்பன் தன் காலால நடந்து கப்பலைவிட்டு இறங்கிப் போனான்."

அதை நம்பியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி, மேனேஜரிடம் போய் அழுத அவன் மனைவி அமிர்தவல்லி. இன்னொருவர் குந்துநாதன். அவர் நம்பியது இரக்கத்தினால் அல்ல. துறைமுகத் தண்ணீரில் விழுந்த பிய்ந்த செருப்புகூட மூன்றாம் நாள் மிதந்து கரைக்கு வரும். ஒரு முழு ஆள் வரவில்லை என்றால் அவன் விழவே இல்லை. இந்தச் சின்னக் கணக்கு போலீசுக்கும் வக்கீலுக்கும் வரவில்லை. படித்தவர்கள், பாவம்.

மந்தைவெளி வடைக்கடையில் கிடைத்த பழைய பேப்பர்தான் அவர்களை இங்கே கொண்டுவந்தது. குந்துநாதன் அதைப் பையிலிருந்து எடுத்தார். எண்ணெய் ஊறிய படம். செஞ்சிக்குப் பக்கத்தில் பாலம் கட்டும் வேலையை ஒரு மந்திரி பார்வையிடுகிறார். கூட்டம் முழுக்க மந்திரியைப் பார்க்கிறது. பின்னால் விஞ்சு சுற்றும் கூலிகள் மட்டும் மந்திரியைப் பார்க்கவில்லை. ஒருவனுடைய கையைப் பார்க்கிறார்கள். அவன் முகத்தை மந்திரியின் மாலை மறைத்துவிட்டது. மாலைக்கு மேலே மடக்கிய முஷ்டி மட்டும் தெரிகிறது, தோளுக்கு நேராக.

"மந்திரி வந்திருக்கும்போது ஒரு கூலி வேற பக்கம் பார்த்தான்னா, அது பசியா இருக்கணும், இல்லாட்டி பழக்கமா இருக்கணும்," என்றார் குந்துநாதன்.

"அந்தக் கையை நான்தானே சார் கண்டுபுடிச்சேன். அதையும் சொல்லுங்க."

"நீ கண்டுபிடிச்சது வடையை."

பாலம் வேலை சிங்கவரம் ரோட்டில் நடந்தது. இரண்டு பக்கமும் நிலக்கடலைக் காடு. அதற்குப் பின்னால் யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போனதுபோல் பாறைக் குன்றுகள். வெயில் அந்தப் பாறைகளில் பட்டு இரண்டாம் முறையும் வந்து அடித்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

ஓடையின் நடுவே மூன்று பெரிய மரங்களை முக்காலிபோல் கட்டி நிறுத்தியிருந்தார்கள். உச்சியில் கப்பி. கப்பியில் ஓடிய இரும்புக் கயிற்றில், ஒரு மாடு அளவுக்குக் கல் பலகை ஒன்று ஆடாமல் தொங்கியது. கைப்பிடி போட்ட விஞ்சை ஆறு பேர் பிடித்து நின்றார்கள்.

ரோட்டோரம் கீற்றுப் பந்தல். மாரியம்மாள் அங்கே கூழும் மோரும் விற்றாள். பந்தலின் உள்மூலையில் கட்டம்போட்ட சட்டையும் வேட்டியுமாக ஒரு கனத்த ஆள் உட்கார்ந்திருந்தார். செஞ்சி சப்-இன்ஸ்பெக்டர் ராஜாராம். காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய் குந்துநாதன் கேட்டுக்கொண்டபடி, யூனிபார்ம் இல்லாமல் வந்திருந்தார். அதனால் அவரைப் பார்த்தால் கடலைப் புண்ணாக்கு வியாபாரி மாதிரி இருந்தது.

"என் லீவு நாள் இது," என்றார் ராஜாராம். "கேஸ் இல்லன்னா மோருக்கு நீங்கதான் குடுக்கணும்."

"கேஸ் இருந்தாலும் நான்தான் குடுப்பேன். போலீஸ் பை எனக்குத் தெரியும்."

ரஞ்சிதம் மாரியம்மாளிடம் கூழ்ச் செம்பை வாங்கிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள். "இன்னா அக்கா, இத்தினி பேர் வேலை செய்றாங்க, ஒரு சத்தமும் காணோம்? எங்க ஊருல ஒரு செங்கல்லை எடுத்து வைக்கறதுக்கே ஊரைக் கூட்டுவானுங்க."

"முன்ன சத்தம் காதைப் பொளக்கும்மா," என்றாள் மாரியம்மாள். "அந்த ஊமையன் வந்தான், எல்லாம் அடங்கிப் போச்சி. மேஸ்திரியே வாயத் தொறக்கறதில்ல. அவன் கை காட்டுனா ஏத்தறானுங்க, கை காட்டுனா எறக்கறானுங்க."

"ஊமையா?"

"ஊமை, செவுடு, ரெண்டும். காண்ட்ராக்டரு எங்கிருந்தோ இட்டாந்தாரு. ஆரு பெத்த புள்ளயோ. ஆனா நல்லா துன்றான். ரெண்டு மாசத்துல எப்பிடி ஊதிட்டான் தெரியுமா? மத்தவனுங்களுக்குக் கூழு, அவனுக்குக் காண்ட்ராக்டரு வூட்டுச் சோறு."

குந்துநாதன் திரும்பி ரஞ்சிதத்தைப் பார்த்தார். "கேட்டியா? ஊமைக் கூலிக்குக் காண்ட்ராக்டர் வீட்டுச் சோறு. இந்த நாட்டில் வாயுள்ள கூலிக்கே கஞ்சி கிடையாது."

விஞ்சுக்குப் பக்கத்தில் அவன் நின்றான். மொட்டைத்தலை, மூன்று மாதத் தாடி, புதுத்தொப்பை. கன்னியப்பனைக் காட்டும் படம் ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. துறைமுகப் பாஸில் இருந்த படம் தொலைந்துவிட்டதாகக் கம்பெனி கையை விரித்துவிட்டது. ரஞ்சிதம் வருஷக்கணக்காக மாடி ஜன்னலிலிருந்து பார்த்ததெல்லாம் முண்டாசுகளையும் கைகளையும்தான்.

மேஸ்திரி தண்ணீருக்கு விட்டான். விஞ்சு சுழலாதபடி அதன் பல் சக்கரத்தைக் கட்டிவிட்டு எல்லோரும் பானையைப் பார்த்து நடந்தார்கள். குறுக்கு வழி, தொங்கும் கல்லுக்கு நேர் அடியில். ஒவ்வொருவனாக அதன் நிழலில் புகுந்து போனான். ஒருவன் அண்ணாந்து கல்லைத் தட்டிவிட்டுக்கூடப் போனான்.

ஊமை மட்டும் போகவில்லை. சுடுமணலில் வெறுங்காலோடு முக்காலியைச் சுற்றிக்கொண்டு போனான்.

"பார்த்தியா?"

"பார்த்தேன் சார். தொங்கற சரக்குக்கு அடியில ஹார்பர்க்காரன் பொணமானாலும் போகமாட்டான்."

பந்தலுக்குள்ளிருந்து ராஜாராம் சிரித்தார். "சுத்திப் போனா கொலைக் கேஸா? எங்க மாமியாகூடச் சுத்தித்தான் போவா."

"அவசரப்படாதீங்க. ரஞ்சிதம், ஹார்பர்ல மழை வந்தா என்ன செய்வாங்க?"

ரஞ்சிதத்தின் முகம் மலர்ந்தது. செம்பைக் கீழே வைத்தாள். "சர்க்கரையோ சிமிட்டியோ இருந்தா, ஒரு தூறல் போட்டாலும் போச்சு. ஹேச்சை உடனே மூடணும். சிக்னல்காரன் ரெண்டு கையையும் தலைக்கு மேல கூரை மாதிரி சேப்பான். அவ்ளோதான், கீழ இருக்கறவன் சோத்தைப் போட்டுட்டுத் தார்ப்பாயைத் தூக்கிட்டு ஓடியாருவான்."

"போய் நில்லு."

தண்ணீர் குடித்துவிட்டு ஆட்கள் திரும்பிவந்து விஞ்சைப் பிடித்தார்கள். ஊமை தன் இடத்தில் நின்றான். ரஞ்சிதம் ஓடைக் கரைமேல் ஏறி, அவன் கண்ணில் படும்படி நின்றாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கொண்டுபோய் விரல் நுனிகளைச் சேர்த்தாள்.

விஞ்சு சுற்றிய ஆறு பேரும் அவளைப் பார்த்தார்கள். யாரோ பைத்தியம் சாமி கும்பிடுகிறது என்று ஒருவன் சிரித்தான்.

ஊமை சிரிக்கவில்லை. விசுக்கென்று அண்ணாந்து வானத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நாலெட்டு ஓடி, சிமெண்டு மூட்டைகள் மேல் சுருட்டிக் கிடந்த தார்ப்பாயின் முனையைப் பிடித்துவிட்டான். நெருப்பாகக் கொட்டுகிற வெயிலில், தார்ப்பாயைக் கையில் பிடித்தபடி, எங்கே மழை என்று தேடிக்கொண்டு நின்றான். பிறகு மெல்ல அவனுக்கு விளங்கியது. பாயை விட்டான். கரைமேல் நின்ற பெண்ணைப் பார்த்தான். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் புதுத்தொப்பைக்கு இறங்கிவிட்டது.

"ஊமைன்னா கைதான் பேசும்," என்று குந்துநாதன் ராஜாராமிடம் சொன்னார். "இந்தக் கை ஹார்பர் பாஷை பேசுது. மெட்ராஸ்காரன்னு பேச்சுல தெரிஞ்சிடும்னு வாயைக் கட்டி வெச்சாங்க. கையைக் கட்டத் தோணலை."

ராஜாராம் தாடையைச் சொறிந்தார். "நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒரு ஊமை வானத்தைப் பார்த்தான்னு எழுதினா, எங்க ஐயா என்னைத் தூக்கி ராமேஸ்வரத்துல போட்டுருவாரு. அவனே சொல்லணும் சார், நான்தான் கன்னியப்பன்னு."

அவன் சொல்லவில்லை. குந்துநாதன் கிட்டே போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். காது கேட்காதவனாக நின்றான். ரஞ்சிதம், "உன் பொண்டாட்டி பூவாயி தாலிய அறுத்துட்டு உக்காந்திருக்காய்யா," என்றாள். இமை ஒருமுறை அடித்துக்கொண்டது. வாய் திறக்கவில்லை. மேஸ்திரி வந்து, காண்ட்ராக்டர் இல்லாதபோது வெளியாட்கள் வரக்கூடாது என்று விரட்டினான்.

பந்தலுக்குத் திரும்பினார்கள். குந்துநாதன் மடியில் இருந்த டிபன் டப்பாவைத் திறக்காமலே வைத்திருந்தார். பொழுது சாய்ந்தால் அவர் சாப்பிடமாட்டார். சமண வீட்டுப் பிள்ளை. மனிதர்கள் மேல் இல்லாத ஜீவகாருண்யம் விளக்குப் பூச்சிகள் மேல் இருந்தது.

"சாப்டுடுங்க சார். சூரியன் போச்சுன்னா காலை வரைக்கும் என்னைத்தான் கடிப்பீங்க."

"கார் வரட்டும்."

"எந்தக் கார்?"

அவர் திண்டிவனம் ரோட்டைப் பார்த்தார். ராஜாராம் மூன்றாவது மோரை முடித்தார். ரஞ்சிதம் நகத்தைக் கடித்தாள். நாளைக் காலை ஒருவன் கூண்டில் நின்று தன் சாவைக் கேட்கப்போகிறான். அவனைக் காப்பாற்றக்கூடியவனோ கல்லெறி தூரத்தில் செவிடனாக நிற்கிறான். கழுத்தைப் பிடித்து உலுக்கலாம். உலுக்கினால் ஊமை இன்னும் ஊமையாவான்.

கவலை ஏத்தம் இறைத்து முடித்து மாடுகள் திரும்பும் நேரத்தில் திண்டிவனம் பக்கமிருந்து புழுதி கிளம்பியது. சென்னை நம்பர் போட்ட கறுப்பு அம்பாசடர். ரோட்டைவிட்டு இறங்கி, நிழல் தேடி ஒரு சுற்றுச் சுற்றி, முக்காலிக்கு அடியில் வந்து நின்றது. தொங்கும் கல்லுக்கு நேர் கீழே.

கல்லை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஊமையின் முஷ்டி சட்டென்று தோளுக்கு உயர்ந்தது. ஆறு பேரும் விஞ்சைப் பிடித்து நிறுத்தினார்கள்.

"பாரு," என்றார் குந்துநாதன் மெதுவாக. "தொங்கற பாரத்துல சம்பாதிச்ச காசுல வாங்கின கார். உள்ளே இருக்கிறவனுக்குத் தலைக்கு மேல தொங்கற கல்லும் நிழல்தான்."

டிரைவர் இறங்கி மோருக்காகப் பந்தலைப் பார்த்து ஓடிவந்தான். பின்சீட்டில் வெள்ளை முழுக்கைச் சட்டையும் கழுத்துக்குட்டையுமாக ராமகிருஷ்ணன் இருந்தார். நீலமணி அண்ட் கோவின் மேனேஜர், கூலிக்காரன் பெண்டாட்டியின் கண்ணீரைத் துடைத்தவர். கண்ணாடியை இறக்கி, ஊமையை விரலால் கூப்பிட்டார். ஏறு, ஏறு என்று சைகை. சைகைக்கும் அவருக்கும் பழக்கமில்லை, பிச்சைக்காரனை விரட்டுவதுபோல் இருந்தது.

குந்துநாதன் பந்தலைவிட்டு வெளியே வந்தார்.

"வணக்கம் சார். வழி தப்பிட்டீங்களா?"

ராமகிருஷ்ணனின் கை கண்ணாடி விளிம்பில் நின்றது. ஒரு நொடிதான். உடனே சிரிப்பு வந்துவிட்டது. "அட, குந்துநாதன்! நீங்க இங்கேயா? இது என் மச்சினன் எடுத்த காண்ட்ராக்ட். சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு..."

"காலையில நான் போன் பண்ணினப்போ கன்னியப்பன் சீயமங்கலத்துல இருக்கான்னு சொன்னேன். உங்க ஆளைக் கொலைக் கேஸ்ல இருந்து மீட்கிற ஒரே மனுஷன் அவன். நல்ல மனசு உள்ளவர் சீயமங்கலத்துக்கு ஓடியிருப்பார். நீங்க செஞ்சிக்கு ஓடி வந்திருக்கீங்க. நான் அங்கே தேடிக்கிட்டு இருக்கும்போது, இங்கே இருக்கிறவனை இடம் மாத்திடலாம்னு. நான் எங்கே தேடறேன்னு தெரிஞ்சுக்கத்தானே என்னை வேலைக்கு வெச்சதே."

"போன் பண்ணியே மாத்தச் சொல்லியிருக்கலாமே," என்றார் ராஜாராம், பந்தலுக்குள்ளிருந்து.

ரஞ்சிதம் திரும்பினாள். "செஞ்சிக்கு டிரங்க் கால் போட்டு அதைப் பேசுவாரா? எந்த ஆபரேட்டர் சார் கேக்காம இருப்பா? என்னை வேலைய விட்டுத் தொரத்தினதே அதுக்குத்தான்."

ராமகிருஷ்ணன் குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "என்ன உளறல் இது? யார் கன்னியப்பன்? இவனா? இவன் ஊமை. பிறவிச் செவிடு. வேணும்னா கேட்டுப் பாருங்க."

"கேட்கப் போறதில்லை. செவிடன்கிட்ட என்ன கேட்கிறது?" குந்துநாதன் ஊமைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காரில் இருந்தவரிடம் மட்டும் பேசுவதுபோல் நிதானமாகச் சொன்னார். "உங்களுக்கு ஒரு சேதி சொல்லிட்டுப் போகலாம்னு பார்த்தேன். நாளைக் காலையில இராமச்சந்திரனுக்குத் தீர்ப்பு. தூக்குதான் கிடைக்கும்னு வக்கீல் சொல்றார். எலும்பும் தோலுமா இருக்கான். ஜெயில்ல கடைசியா பார்த்தப்போ, கன்னியப்பன் எப்படியும் வந்துடுவான்னு சொன்னான். முட்டாள்."

முதுகுக்குப் பின்னால் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. பூட்டிவைத்த கதவு திறப்பதுபோல.

"இன்னா சொன்ன? தூக்கா?"

மாரியம்மாள் கையில் இருந்த செம்பு கீழே விழுந்தது. "ஐயோ, ஊமையன் பேசறான்டீ!"

கன்னியப்பன் காரைப் பார்த்து வந்தான். மூன்று மாதம் பேசாத தொண்டை, ஒவ்வொரு சொல்லையும் கிழித்துக்கொண்டு வந்தது. "ஃபைனோட வுட்டுட்டாங்கன்னு சொன்னியே? திரும்பி விஞ்சுல ஒக்காந்துட்டான்னு சொன்னியே? பூவாயிக்கும் நான் இருக்கறதைச் சொல்லிட்டேன்னு சொன்னியே?"

"டிரைவர்!" என்று கத்தினார் ராமகிருஷ்ணன். "வண்டியை எடு!"

டிரைவர் மோர் குடித்துக்கொண்டிருந்தான். நடுவே எழுந்து வருகிற எண்ணம் அவனுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

விஞ்சைப் பிடித்திருந்த ஆறு பேருக்கும் இது ஏற்கெனவே தாங்கமுடியாத நாள். இரண்டு மாதமாகத் தங்களோடு நின்ற ஊமை வாய்திறந்து கத்துகிறான். ஒருவன் கும்பிட்டான். இன்னொருவன் பின்வாங்கினான். கைப்பிடி நழுவியது. கடகடவென்று கயிறு ஓட, கல் பலகை காரின் கூரையைப் பார்த்து ஒரு முழம் இறங்கியது.

கன்னியப்பனின் முஷ்டி தோளுக்கு உயர்ந்தது.

அதைப் பார்த்தவர் ராமகிருஷ்ணன். தலைக்கு மேலே இரும்புக் கயிறு முறுகும் சத்தம். எதிரே, தான் ஏமாற்றியவன் முஷ்டியை ஓங்கி நிற்கிறான், ஆறு பேர் அவன் கையையே பார்க்கிறார்கள். கார்க் கதவு என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோனது. இரண்டு கையையும் முன்கண்ணாடிவரை நீட்டிக் கூவினார்.

"வேண்டாம்! போடச் சொல்லாதே! நான் சொல்றேன், எல்லாத்தையும் சொல்றேன்! மிஷின் பெட்டின்னு வந்தது மிஷின் இல்லை! பழைய இரும்பு! துருப்பிடிச்ச இரும்பு! கயிறு அறுந்து பெட்டி உடைஞ்சப்போ இவங்க ரெண்டு பேர்தான் பார்த்தாங்க! முதலாளி சொல்லித்தான் செஞ்சேன்! பெட்டி உடைஞ்சதுக்குப் போலீஸ் தேடுதுன்னு பயமுறுத்தி ஒருத்தனை மறைச்சு, ஒருத்தனைக் கொலையில மாட்டிவிடச் சொன்னாங்க! கையை இறக்கச் சொல்லுங்க, ஐயோ, கையை இறக்கச் சொல்லுங்க!"

கல் இறங்கவில்லை. ஆறு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு விஞ்சைப் பிடித்து நின்றார்கள். முஷ்டி அங்கேயே நின்றது.

ராஜாராம் கட்டம்போட்ட சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பந்தலைவிட்டு வந்தார். "மிஷின் பேரைச் சொல்லி அன்னியச் செலாவணி வாங்கறது, பணத்தை அங்கயே பதுக்கிட்டு இரும்புக் குப்பையை அனுப்பறது. பேப்பர்ல படிச்சிருக்கேன். ஆனா போலீஸ்கிட்ட சொன்னது கோர்ட்டுல செல்லாதே சார்."

"செல்ல வேண்டாம்," என்றார் குந்துநாதன். "செத்தவன் தன் காலால கோர்ட்டுக்குள்ள நடந்தா போதும். கொலைக் கேஸ்ல அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது." காருக்குள் குனிந்தார். ராமகிருஷ்ணனின் கழுத்துக்குட்டை வேர்வையில் ஊறி ஒட்டிக்கொண்டிருந்தது. "சார், அவன் காட்டறது 'பிடிச்சு வை'. கல்லைப் போடாதேன்னு சொல்றான். உங்களைக் காப்பாத்திக்கிட்டு இருக்கான். கையை இறக்கியிருந்தான்னாதான் நீங்க செத்திருப்பீங்க."

ராமகிருஷ்ணன் அவரைப் பார்த்தார். முஷ்டியைப் பார்த்தார்.

"இத்தினி வருஷம் ஹார்பர்ல இன்னா சார் பண்ணீங்க?" என்றாள் ரஞ்சிதம், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையில்.

டிரைவரை மோரிலிருந்து பிய்த்து எடுத்து, காரைக் கல்லுக்கடியிலிருந்து வெளியே தள்ளிக் கொண்டுவந்தார்கள். ராத்திரியோடு சென்னை போய்ச் சேர்ந்தால் காலையில் கோர்ட் வாசலில் நிற்கலாம். ராமகிருஷ்ணனைப் பின்சீட்டு நடுவில் வைத்து, ஒரு பக்கம் ராஜாராம் ஏறினார். ரஞ்சிதம் டிரைவருக்கும் குந்துநாதனுக்கும் நடுவே முன்சீட்டில் நுழைந்தாள்.

கன்னியப்பன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அவன் என்னைப் பார்த்தா இன்னா சார் சொல்லுவான்?"

"துப்புவான்," என்றார் குந்துநாதன். "துடைச்சுக்கோ. ரெண்டு மாசமா காண்ட்ராக்டர் வீட்டுச் சோத்தைத் தின்னவனுக்கு அது ஒண்ணும் பெரிசில்லை. ஏறு."

"அப்ப நம்ம பில்லை யாருக்கு சார் அனுப்பறது?" என்றாள் ரஞ்சிதம்.

"கம்பெனிக்குத்தான். ஆளைக் கண்டுபிடிக்கச் சொன்னாங்க. கண்டுபிடிச்சாச்சு."

டிபன் டப்பாவைத் திறக்கப் போனார். ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் சூரியன் விழுந்துவிட்டிருந்தது. டப்பாவை மூடி, பின்சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒரு வேளைப் பட்டினியையும் ராமகிருஷ்ணன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

கன்னியப்பன் இன்னும் ஏறவில்லை. கல் அந்தரத்தில் நின்றது. அவன் கைக்காக ஆறு பேரும் காத்திருந்தார்கள். வாய் வந்துவிட்டதே, கத்திச் சொல்லியிருக்கலாம். அவன் கத்தவில்லை. ஆள்காட்டி விரலைக் கீழ்நோக்கி நீட்டி மெல்லச் சுழற்றினான். விஞ்சு திரும்பியது.

பின்சீட்டின் நடுவே ராமகிருஷ்ணன் துள்ளினார். "என்ன அது? இப்ப எதுக்குக் கையைக் காட்டறான்? அதுக்கு என்ன அர்த்தம்?"

யாரும் அவருக்குச் சொல்லவில்லை.